கதிரின் பாலும் அடுப்பின் சாம்பலும்: மக்காச்சோள சூப்பின் வரலாறு

மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் மணியை நகத்தால் கீறினால் வெண்ணிறச் சாறு கசியும். அந்தச் சாற்றில் சர்க்கரையும், இன்னும் இறுகாத மாவுச்சத்தும், சிறிதளவு புரதமும் கலந்திருக்கின்றன. சூடேறும்போது அது தானாகவே தடித்துக் குழைகிறது. இன்று 'கிரீம் கார்ன் சூப்' என்று வழங்கும் உணவின் குழைவு பசுவின் பாலேட்டிலிருந்து வருவதாகப் பலரும் கருதினாலும், அதற்கு அடிப்படை கதிரின் பாலே. அமெரிக்கக் கண்டத்தில் கறவை மாடு கால்வைப்பதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மக்காச்சோளக் கூழ் காய்ச்சப்பட்டு வந்தது. எனவே இந்த சூப்பின் வரலாற்றை, அந்த மணியைப் பக்குவப்படுத்தத் தெரிந்தவர்களின் வரலாறாகவே எழுத வேண்டியிருக்கிறது. பயிர் மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்து, பக்குவம் பின்தங்கிவிட்ட இடங்களில் நேர்ந்த துயரமும் அதில் அடங்கும்.

மக்காச்சோளத்தின் காட்டு மூதாதை மெக்சிகோவில் இன்றும் வளரும் டியோசின்டே என்னும் புல். அதன் கதிர் விரல் நீளம்கூட இராது. ஐந்து முதல் பன்னிரண்டு வரையிலான மணிகள், ஒவ்வொன்றும் கல்போன்ற உறைக்குள் அடைபட்டிருக்கும். இந்தப் புல்லும் மக்காச்சோளமும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பதை அமெரிக்க மரபியலாளர் ஜார்ஜ் பீடில் 1930களிலேயே வலியுறுத்தினார். நீண்ட காலம் மறுக்கப்பட்ட அந்தக் கருத்து, பிற்கால மரபணு ஆய்வுகளால் உறுதியாயிற்று. தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப்படுகையில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் இந்தப் புல்லை மனிதர்கள் பயிராக்கினர். அப்பகுதியின் குகை ஒன்றில் கிடைத்த அரைகற்களில் ஒட்டியிருந்த மக்காச்சோள மாவுத்துகள்கள் சுமார் 8,700 ஆண்டுகள் பழமையானவை. வாஹாகா மாநிலத்தின் கிலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த கதிர்த்தண்டுகள் ஏறத்தாழ 6,250 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. உறை மெலிந்து, மணி வெளியே தெரிந்து, வரிசைகள் பெருகி, கதிர் முழங்கை நீளத்துக்கு வளர்ந்ததெல்லாம் தலைமுறை தலைமுறையாக விதைக்கதிரைத் தேர்ந்தெடுத்த கைகளின் வேலை. அந்த மாற்றத்துக்கு ஈடாகப் பயிர் ஒன்றை இழந்தது: மடல்களுக்குள் இறுகப் பொதிந்த மணிகளைத் தானாக உதிர்த்து முளைக்கவைக்கும் ஆற்றல் இன்று அதற்கு இல்லை. மனிதர் விதைக்காவிட்டால் மக்காச்சோளம் நிலைக்காது.

முற்றிய மணியின் தோல் தடித்தது; வெறும் நீரில் எவ்வளவு வேகவைத்தாலும் அது பல்லில் சிக்கும், மாவும் ஒட்டாது. மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் வாழ்ந்த தொல்குடிகள் இதற்குக் கண்ட வழி சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவும் அதே பொருளைச் சிறிதளவு நீரில் கரைத்து, அதில் மணிகளைக் கொதிக்கவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் தோல் கழலும்படி பிசைந்து கழுவுவார்கள். இந்தப் பக்குவத்துக்கு நவாட்டில் மொழியில் உள்ள பெயர், சாம்பலையும் சுண்ணாம்பையும் குறிக்கும் 'நெக்ஸ்ட்லி' என்ற சொல்லும், வேகவைத்த மக்காச்சோள மாவைக் குறிக்கும் 'தமாலி' என்ற சொல்லும் சேர்ந்து உருவான 'நிஷ்டமல்' ஆகும். தென் குவாத்தமாலாவின் கரையோரத்தில் கி.மு. 1500 முதல் 1200 வரையிலான காலத்திலேயே இதற்கான பாத்திரங்கள் புழங்கியிருக்கின்றன. இவ்வாறு பக்குவமான மணியை, அம்மியைப் போன்று சாய்வாக அமைந்த 'மெட்டாட்டே' என்னும் கல்லில் அரைத்தால் ஒட்டும் தன்மையுள்ள மாவு கிடைக்கும். அதைத் தட்டினால் தோர்த்தியா ரொட்டி, நீரில் கரைத்துக் காய்ச்சினால் 'அதோலே' என்னும் கூழ். பதினாறாம் நூற்றாண்டில் மெக்சிகோவில் வாழ்ந்த பிரான்சிஸ்கத் துறவி பெர்னார்டினோ தெ சகாகுன், நவா மக்களின் வாழ்வைப் பற்றித் தொகுத்த பெருநூலில், தேன் கலந்தது, மிளகாய் கலந்தது என்று அதோலேயின் பல வகைகளையும் அவற்றைச் சந்தையில் விற்றவர்களையும் பதிவுசெய்திருக்கிறார். மக்காச்சோள சூப்புக்கு முன்னோடி எது என்று கேட்டால், தயக்கமின்றி இந்தக் கூழைத்தான் சுட்ட வேண்டும்.

பயிர் வடக்கே சென்றபோது பக்குவமும் உடன் சென்றது. சுண்ணாம்பின் இடத்தில் அடுப்புச் சாம்பல் வந்ததுதான் வேறுபாடு. இன்றைய நியூயார்க் மாநிலத்தையும் அதை ஒட்டிய கனடாப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட ஹௌடெனோசோனி கூட்டமைப்பினர், அதாவது பிரெஞ்சுக்காரர் இரோக்வா என்று அழைத்த மக்கள், மக்காச்சோளத்தையும் அவரையையும் பூசணியையும் ஒரே மேட்டில் விதைத்து மூன்று சகோதரிகள் என்று போற்றினர். மக்காச்சோளத்தட்டை அவரைக்கொடிக்குக் கொழுகொம்பாகும்; அவரை மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும்; பூசணியின் அகன்ற இலைகள் ஈரத்தைக் காத்துக் களையை அடக்கும். அவர்களுடைய மக்காச்சோள சூப்பும் இந்தக் கூட்டுறவின் உணவுதான். அக்கூட்டமைப்பின் செனெகா மரபில் வந்த ஆய்வாளர் ஆர்தர் பார்க்கர் 1910இல் நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தின் வெளியீடாகக் கொண்டுவந்த நூல், இம்மக்களின் மக்காச்சோளச் சமையலை நுணுக்கமாக விவரிக்கிறது. கெட்டியான வெள்ளை மணிகளை, மேப்பிள் போன்ற வன்மரங்களின் சல்லடையிட்ட சாம்பல் கலந்த நீரில் கொதிக்கவைப்பார்கள். மணி வீங்கி, தோல் விலகத் தொடங்கியதும், அதற்கென்றே முடையப்பட்ட கூடையில் கொட்டி, ஓடும் நீரில் கூடையை அமிழ்த்தி ஆட்டி அலசுவார்கள். கூடையின் அடிப்பின்னல் இடைவெளி விட்டு முடையப்பட்டிருப்பதால் சாம்பலும் தோலும் நீரோடு போய்விடும், மணி தங்கிவிடும். பிறகு அந்த மணிகள் அவரையோடும் இறைச்சியோடும் மணிக்கணக்கில் வேகும். வேக வேக மாவுச்சத்து கரைந்து குழம்பு தடிக்கும். இதில் பால் ஒரு துளியும் இல்லை. அரிசி களைவதற்குப் பானையும் புடைப்பதற்கு முறமும் நமக்கு எப்படியோ அப்படி அவர்களுக்கு இந்த அலசுகூடை. ஒரு பயிருக்கென்றே ஒரு பாத்திரத்தை வடித்தெடுத்த சமூகம், அந்தப் பயிரை எவ்வளவு ஆழமாக அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அந்த அறிவுக்கு நேர்ந்த பெருங்கேட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1779இல், ஜார்ஜ் வாஷிங்டனின் ஆணைப்படி ஜெனரல் ஜான் சல்லிவன் தலைமையில் சென்ற படை இரோக்வா நாட்டுக்குள் புகுந்து நாற்பது ஊர்களை எரித்தது. ஏறத்தாழ 1,60,000 புஷல் மக்காச்சோளத்தை அழித்ததாகச் சல்லிவனே தம் அறிக்கையில் கணக்குக் காட்டினார். குளிர்காலத்துக்குச் சேமித்த உணவும் வயலில் நின்ற கதிரும் ஒருசேர அழிந்ததால் அம்மக்கள் பசியோடு இடம்பெயர நேர்ந்தது. அதே படையெடுப்பிலிருந்து திரும்பிய வீரர்கள், சஸ்குவஹானா ஆற்றுப்பகுதியில் கண்ட இனிப்பு மக்காச்சோளத்தின் கதிர்களைத் தங்கள் ஊர்களுக்கு எடுத்துச்சென்றனர் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. அது உண்மையானால், இன்று உலகெங்கும் சூப்புக்குப் பயன்படும் இனிப்பு மக்காச்சோளம் வெள்ளையர் தோட்டங்களில் பரவிய வரலாறு, இந்த எரிப்பின் புகையிலிருந்து தொடங்குகிறது.

இதற்கு நெடுநாள் முன்னரே மக்காச்சோளம் கடல் கடந்துவிட்டது. 1492இல் கொலம்பஸ் குழுவினர் கியூபாவில் இதைக் கண்டனர். அங்கு வாழ்ந்த தைனோ மக்கள் வழங்கிய 'மகிஸ்' என்ற சொல்லே ஐரோப்பிய மொழிகளில் 'மெய்ஸ்' ஆனது. ஆனால் பயிர் பரவிய வேகத்துக்கு அதன் பிறப்பிடம் பற்றிய செய்தி ஈடுகொடுக்கவில்லை. ஜெர்மானியத் தாவரவியலாளர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542இல் வெளியிட்ட மூலிகை நூலில் இதைத் துருக்கித் தானியம் என்றே படம்வரைந்து காட்டினார்; இத்தாலியரும் அவ்வாறே அழைத்தனர். துருக்கியரோ எகிப்தைக் குறிக்கும் 'மிசிர்' என்ற சொல்லால் இதை வழங்கினர். தமிழர் தமக்குப் பழகிய சோளத்தோடு மக்காவைச் சேர்த்து மக்காச்சோளம் என்றனர். கன்னடத்தில் 'முசுகின ஜோள', அதாவது முக்காடிட்ட சோளம், என்ற அழகான பெயரும் உண்டு. தென்சீனத்தின் காண்டனிய மொழியில் இதற்கு வழங்கும் 'சுக் மை' என்ற பெயரின் முதற்சொல் பழங்காலத்தில் தினையைக் குறித்தது. வந்த திசையையோ வீட்டிலிருந்த பழைய தானியத்தையோ கொண்டு ஒவ்வொரு மொழியும் இந்தப் புதிய விருந்தாளிக்குப் பெயரிட்டதே தவிர, மெக்சிகோவின் பெயர் எங்கும் ஏறவில்லை. இலங்கைத் தமிழில் முன்னொட்டும் உதிர்ந்து, சோளம் என்றாலே பெரும்பாலும் மக்காச்சோளம்தான்.

இந்தியாவுக்கு இது கொலம்பஸுக்கு முன்பே வந்துவிட்டது என்ற வாதமும் உண்டு. மைசூருக்கு அருகே, சோமநாதபுரத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த போசளர் கோயிலின் சிற்பங்கள் சில கையில் ஏந்தியிருப்பது மக்காச்சோளக் கதிரே என்று அமெரிக்கப் புவியியலாளர் கார்ல் ஜோஹன்னசன் 1989இல் எழுதினார். இந்திய மக்காச்சோள ஆய்வாளர்களான பாயக்கும் சச்சனும் 1993இல் அதை மறுத்து, அது 'முக்தாபலம்' எனப்படும் முத்துக்கள் பதித்த கற்பனைக் கனி என்று விளக்கினர். அக்காலத்து மணி ஒன்றுகூட இந்திய அகழாய்வில் உறுதியாகக் கிடைக்காத நிலையில், சிற்பத்தின் வடிவ ஒற்றுமையை மட்டும் வைத்துப் பயிரின் வரலாற்றை மாற்றி எழுதுவது பொருந்தாது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்ற கருத்தே ஏற்கத்தக்கது.

ஐரோப்பாவுக்கு மணி வந்தது. சுண்ணாம்பும் சாம்பலும் வரவில்லை. வட இத்தாலியில் முன்பு தினை வகைகளைக் கொண்டு கிண்டிய 'பொலெந்தா' என்னும் களி, பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் பெரும்பாலும் மக்காச்சோள மாவுக் களியாக மாறிற்று; ஏழை உழவர் குடும்பங்கள் பல மாதங்களுக்கு அதை மட்டுமே உண்டன. அதோடு ஒரு புதிய நோய் வந்தது. வெயில் படும் இடங்களில் தோல் கறுத்து வெடித்து, வயிறு கெட்டு, இறுதியில் அறிவு தடுமாறும் அந்நோயை ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் 1735இல் கண்டறிந்து விவரித்தார். இத்தாலிய மருத்துவர் ஃபிரப்போலி 1771இல் அதற்குப் 'பெல்லக்ரா', அதாவது சொரசொரத்த தோல், என்ற பெயரை நூலில் பதித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது ஏறத்தாழ முப்பது லட்சம் பேரைத் தாக்கி ஒரு லட்சம் உயிர்களைக் குடித்தது. இது தொற்றுநோய் என்று பலரும் அஞ்சியபோது, உணவுக் குறையே காரணம் என்பதை ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 முதல் நடத்திய ஆய்வுகளால் நிறுவினார். குறைபடும் பொருள் நியாசின் என்னும் பி வைட்டமின் என்பது கான்ராட் எல்வெஜெமின் ஆய்வால் 1937இல் தெரிந்தது. மக்காச்சோளத்தில் நியாசின் இருந்தாலும் அது பிற பொருள்களோடு பிணைந்திருப்பதால் உடலுக்குக் கிட்டுவதில்லை. சுண்ணாம்போ சாம்பலோ கலந்த நீரில் வேகும்போதுதான் அந்தப் பிணைப்பு அவிழ்கிறது. மெக்சிகோவின் பாட்டிமார் தோலைக் கழற்றச் செய்த வேலை, அவர்கள் அறியாமலே பேரக்குழந்தைகளின் உயிரையும் காத்துவந்தது.

இந்த ஆய்வுத் தொடரில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சேலத்தில் 1918இல் பிறந்த ஊட்டச்சத்து அறிவியலாளர் சி. கோபாலன், குன்னூரில் தொடங்கி வளர்ந்து 1950களின் இறுதியில் ஐதராபாத்துக்கு இடம்மாறிய ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிந்தபோது, மக்காச்சோளமே உண்ணாத தக்காணத்து ஏழைகளிடம் பெல்லக்ரா காணப்படுவதை ஆராய்ந்தார். அவர்கள் உண்டது நம் சோளம். சோளத்திலும் மக்காச்சோளத்திலும் மிகுந்துள்ள லூசின் என்ற அமினோ அமிலம் இந்நோய்க்குத் துணைபோகிறது என்று அவரும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் முன்வைத்த கருத்து, உலக அளவில் நீண்ட விவாதத்தைத் தூண்டிற்று. பெயரால் உறவான இரு தானியங்கள் நோயாலும் உறவாயின.

மீண்டும் சூப்புக்கு வருவோம். இனிப்பு மக்காச்சோளம் ஒரு மரபணு மாற்றத்தின் விளைவு: மணிக்குள் சர்க்கரை மாவுச்சத்தாக மாறும் வழியில் ஓர் இடத்தில் தடை விழுவதால் சர்க்கரை எஞ்சுகிறது, அதோடு நீரில் கரையும் 'பைட்டோகிளைகோஜன்' என்ற மாப்பொருளும் சேர்கிறது. பழைய இனிப்பு வகைகளின் பாலேடு போன்ற குழைவுக்குக் காரணம் இந்தக் கரையும் மாப்பொருளே. பறித்த கதிரில் சர்க்கரை நில்லாது. முப்பது டிகிரி வெப்பத்தில் ஒரு நாளைக்குள் பாதியளவு குறைந்துவிடும். ஆகவே தோட்டமுள்ளவர்களுக்கு மட்டும் கிட்டிய சுவையை ஊராருக்கும் கொண்டுசென்றது தகர டப்பா. மெய்ன் மாநிலத்தின் ஐசக் வின்ஸ்லோ, 1840களின் தொடக்கம் முதல் மக்காச்சோளத்தை டப்பாவில் அடைத்துக் காக்க முயன்று, 1862இல் காப்புரிமை பெற்றார். மணியைப் பாதியாக அரிந்து, தண்டில் எஞ்சிய பாலையும் வழித்துச் சேர்த்து அடைக்கும் முறையிலிருந்து வளர்ந்ததே 'கிரீம் ஸ்டைல்' எனப்படும் டப்பா மக்காச்சோளம். பெயரில் கிரீம் இருந்தாலும் பெரும்பாலும் அதில் பாலேடு கிடையாது.

வீட்டுச் சமையலில் இதைக் கொண்டு செய்த சூப்பின் தெளிவான வடிவத்தை, ஃபேனி ஃபார்மர் 1896இல் பாஸ்டனில் வெளியிட்ட சமையல் நூலில் காணலாம். ஒரு டப்பா மக்காச்சோளத்தை நறுக்கி, நீரில் இருபது நிமிடம் வேகவைத்து, சல்லடையில் தேய்த்து வடிக்க வேண்டும். வெங்காயத் துண்டு ஒன்றைப் போட்டுச் சுடவைத்த பாலை அதில் சேர்த்து, வெண்ணெயில் வதக்கிய கோதுமை மாவால் தடிப்பாக்க வேண்டும். இங்கேதான் கதிரின் பாலோடு பசுவின் பால் கலக்கிறது. அளவுகளை மட்டமாக அளந்து எழுதும் வழக்கத்தைப் பரப்பிய அந்நூல், இந்தச் செய்முறையைப் பொதுச்சொத்தாக்கிற்று. அதே நூற்றாண்டில் இன்னொரு பொருளும் வந்தது. தாமஸ் கிங்ஸ்ஃபோர்டு 1842இல் மக்காச்சோளத்திலிருந்து தூய மாவுச்சத்தைப் பிரித்தெடுத்தார்; முதலில் துணிக்குக் கஞ்சி போடவே பயன்பட்ட அது, விரைவில் அடுக்களைக்குள் நுழைந்தது. பிரிட்டனில் பிரவுன் அண்ட் போல்சன் நிறுவனம் 1854இல் அதற்குக் 'கார்ன் ஃபிளவர்' என்ற பெயரில் காப்புரிமை பெற்றதால், இந்தியாவிலும் அப்பெயரே நிலைத்தது. மக்காச்சோள மாவு வேறு, கார்ன்ஃபிளவர் வேறு என்ற வேறுபாட்டை மளிகைக் கடையில் கேட்டு வாங்குவோர் நினைவில் கொள்வது நல்லது: முன்னது முழு மணியை அரைத்த மஞ்சள் மாவு, பின்னது வெண்மையான வெறும் மாவுச்சத்து.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க டப்பா மக்காச்சோளம் ஹாங்காங்கின் சமையலறையை அடைந்தது. மாவுச்சத்தால் தடிப்பாக்கும் 'கெங்' என்ற பழைய சூப் மரபு அங்கே ஏற்கெனவே இருந்ததால் புதுப்பொருள் எளிதில் பொருந்திக்கொண்டது: கோழிச்சாற்றில் டப்பா மக்காச்சோளத்தைக் கரைத்து, கார்ன்ஃபிளவரால் இறுக்கி, இறக்கும் தறுவாயில் அடித்த முட்டையை நூலாக ஊற்றிச் செய்யும் 'சுக் மை கெங்' பிறந்தது. கொல்கத்தாவின் சீனக் குடியிருப்புகளில் வேரூன்றி நாடெங்கும் கிளைத்த இந்தியச் சீனச் சமையல், இதை ஸ்வீட் கார்ன் சூப் என்ற பெயரில் ஏற்று, சைவர்களுக்காக முட்டையையும் கோழியையும் விலக்கி, கேரட்டையும் பீன்ஸையும் பொடியாக அரிந்து சேர்த்தது. தமிழகத்தின் சிற்றூர் உணவகங்களிலும் திருமண வரவேற்புப் பந்திகளிலும் முதலில் நீட்டப்படும் கிண்ணம் அந்த வழியில் வந்ததே.

வீட்டில் நன்றாகச் செய்ய விரும்புவோர் பழைய முறையையே நாடலாம். இளங்கதிரை நிமிர்த்திப் பிடித்து, கத்தியால் மணியின் மேற்பாதியை மட்டும் சீவி, பிறகு கத்தியின் முதுகால் தண்டை மேலிருந்து கீழாக வழித்தால் பால் முழுவதும் தட்டில் இறங்கும். மணி நீங்கிய தண்டுகளை எறிந்துவிடாமல், வெங்காயத்தோடு அரை மணிநேரம் நீரில் கொதிக்கவிட்டு வடித்தால் மணமுள்ள சாறு கிடைக்கும். அந்தச் சாற்றில் சீவிய மணியை வேகவைத்து, பாதியை அரைத்து மீதியோடு சேர்த்து, வழித்த பாலை இறுதியில் ஊற்றி, இளந்தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். வெப்பம் எழுபது டிகிரியை எட்டும் தறுவாயில் மாவுத்துகள்கள் நீரை உறிஞ்சி உப்ப, சூப் கண்முன்னே தடிக்கும். இதற்கு உப்பும் மிளகும் போதும்.

ஆனால் இன்றைய சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் லாஃப்னன் 1953இல் விவரித்த வேறொரு மரபணுவின் வழிவந்த மிகை இனிப்பு வகைகள். அவை நாள்கணக்கில் இனிப்புக் குறையாதவை. எனினும் அவற்றில் பைட்டோகிளைகோஜன் மிகக் குறைவு. தொலைதூரச் சந்தைக்கு உகந்த அந்தக் கதிர் சூப்புக்கு உகந்ததன்று. அதைக் கொண்டு செய்யும் சூப் இனித்தாலும் நீர்த்தே நிற்கும் என்பதால், கார்ன்ஃபிளவரின் துணை இன்று தவிர்க்க முடியாததாகிவிட்டது. இரண்டு தேக்கரண்டியைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, கொதிக்கும் சூப்பில் ஊற்றி, பச்சை வாடை போகும்வரை கிளறினால் இழந்த குழைவில் ஒரு பகுதி திரும்பும்.

தமிழகத்தில் பெரம்பலூரும் அதைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களும் மக்காச்சோளத்துக்குப் பேர்பெற்றவை. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு அங்கே உழவர்களைப் பெரும் இழப்புக்கு உள்ளாக்கியது. அங்கே விளையும் கெட்டி மணியில் பெரும்பங்கு சூப்புக்கோ கூழுக்கோ போவதில்லை. நாமக்கல் போன்ற இடங்களின் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. ஆகவே தமிழக உணவகம் ஒன்றில் வைக்கப்படும் ஸ்வீட் கார்ன் சூப் கிண்ணத்தில் மிதக்கும் மணியும், அதைத் தடிக்கவைக்கும் மாவும் மட்டுமன்றி, நூலாக ஓடும் முட்டையும் மக்காச்சோளத்திலிருந்தே வருகிறது.